மணமகன் மட்டும் மாறினால் போதுமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மிஸ், ‘சிவகாமியின் சபத’த்துக்கு அடுத்த பாகம் இருக்கா? அதுல சிவகாமியும் மாமல்லரும் சேருவாங்களா?”

சிரித்துத் தள்ளிவிடும் கேள்வி அல்ல இது. வாசகிகளின் இந்த ஏக்கம்தான் தொடர்ச்சி நாவல்களை வாழவைக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். அமெரிக்காவில் மார்கரெட் மிச்சல் பிரித்துவைத்த ஸ்கார்லெட்டையும் ரெட்டையும் 1991-இல் அலெக்சாண்ட்ரா ரிப்ளி ‘ஸ்கார்லெட்’ நாவலில் சேர்த்துவைத்தார்.

சிவகாமியின் கதைக்கு அடுத்த தலைமுறையைக் கல்கி முன்கூட்டியே எழுதிவிட்டார். ‘பார்த்திபன் கனவு’ 1940களின் தொடக்கத்தில் வந்தது. ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வெளியானது. ஆனால் கதைக்காலத்தில் ‘பார்த்திபன் கனவு’தான் பிந்தியது. அதில் மாமல்லர் சிவனடியார் வேடத்தில் உலவுகிறார். அவருடைய மகள் குந்தவியும் சோழ இளவரசன் விக்கிரமனும் காதலித்து மணக்கிறார்கள். மாமல்லருக்கு வாழ்க்கை தொடர்கிறது. மகளுக்குக் காதல் கைகூடுகிறது. அது சிவகாமியின் கதை அல்ல.

அவள் கதை காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் முடிந்துவிட்டது. எப்படிப்பட்ட பெண்ணின் கதை? மாறுவேடத்தில் அழைத்துப்போக வந்த மாமல்லரிடம், வாதாபி எரிந்த பிறகே வருவேன் என்று மறுத்தவள். சாட்டையடிபட்ட கைதிகளைக் காப்பாற்ற வாதாபியின் நாற்சந்திகளில் ஆடியவள். படை வந்து சேர ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு திருமணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். மீண்டு வந்தவளுக்கு நாவல் தந்தது என்ன? இறைவனையே கணவனாக. யாருக்காவது மனைவியாக்காமல் அவளை விட்டுவிட நாவலுக்கு மனம் வரவில்லை.

இதை ஆண்டாள் மரபு என்று சொல்பவர்கள் உண்டு. ஆண்டாள் மானிடரை விரும்பி ஏமாந்து அரங்கனிடம் போனவள் அல்ல. தொடக்கத்திலேயே அவனைத் தேர்ந்தவள். சிவகாமிக்கு அது எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு எஞ்சிய வழி.

ஆகவே, அவளை மாமல்லரோடு சேர்த்துவைக்கும் அடுத்த பாகம் எழுதப்பட்டால், மணமகன் மட்டும்தான் மாறுவார். எனக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. அவள் யாருக்காவது நடனம் கற்றுக்கொடுத்தாளா? அவள் ஆடியதால் உயிர்பிழைத்தவர்களில் ஒருத்தியாவது அவளைத் தேடி வந்தாளா? தன் சொல்லுக்காக ஒரு நகரமே எரிந்ததை நினைத்து இரவில் விழித்திருந்தாளா? ஒன்பது ஆண்டுகளைப் பற்றி அவளிடம் யாரேனும் கேட்டார்களா?

“அப்போ லவ்வே வேண்டாங்கிறீங்களா, மிஸ்?” என்றாள் மாணவி.

இருக்கட்டும் என்றேன். காதலைப் படிக்கும் ஆசையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படிப் படித்து வளர்ந்தவள்தான். கல்யாணத்தோடு அவள் கதையை மூடிவிட வேண்டாம், அவ்வளவுதான். “நீயே எழுதேன்” என்றேன். பேருந்து மாமல்லபுரத்தை நெருங்கியபோது அவள் நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.