மரவுச்சி வழி

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பு, சாம்பல் நிற மலை அணிலின் இருப்பிடம். இதற்கெனவே 1988-இல் சரணாலயம் அமைந்தது; 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இந்த அணில் தரையிறங்குவது அபூர்வம். புளி, மா போன்ற மரங்களின் கிளைகளே அதன் பாதை. கிளை நுனிவரை ஓடி, உடலை நீட்டி அடுத்த மரத்துக்குத் தாவும்; நீண்ட வால் சமநிலை காக்கும். பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கால்களில் காயைப் பிடித்துக் கொறிக்கும். சுள்ளியும் இலையும் சேர்த்து, கிளைகள் பின்னிய உச்சியில் கூடு கட்டும். ஆபத்து வந்தால் எப்பக்கமும் தப்பலாம். கம்பியில் கப்பி மாட்டிச் சறுக்கும் ஜிப்லைன் பயணிக்கு ஒரே திசை. அணிலுக்கோ கிளைகள் தொட்டுக்கொள்ளும் திசையெல்லாம் வழி. இடையில் மரங்கள் வெட்டப்பட்டால் அந்த வழி அறுந்துபோகும்.