மொழிபெயர்ப்பும் அரங்க வரலாறும்: ரிம்லி பட்டாச்சார்யாவின் ஆய்வுப் பணி - ஒரு மதிப்பீடு

கல்வித்துறைப் பணிகளை மதிப்பிடும்போது மொழிபெயர்ப்பை ஆய்வுக்கு ஒரு படி கீழே வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வழக்கு பொருந்துமா என்பதை, அரங்க வரலாறு, பெண்ணியம் ஆகிய இரு துறைகளும் கூடுமிடத்தில் பணியாற்றியுள்ள ரிம்லி பட்டாச்சார்யாவின் இரு நூல்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த இவர், வங்க நடிகை பினோதினி தாசியின் (1863-1941) தன்வரலாற்று எழுத்துகளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிப்பித்தார். காளி ஃபார் விமன் என்னும் பெண்ணியப் பதிப்பகம் 1998இல் அதனை வெளியிட்டது. 'பப்ளிக் விமன் இன் பிரிட்டிஷ் இந்தியா' என்னும் ஆய்வு நூல் 2018இல் வெளிவந்தது. இருபது ஆண்டு இடைவெளியில் அமைந்த இவ்விரண்டனுள் முன்னதைப் பின்னதன் அடித்தளமாகவே கொள்ளவேண்டும்.

கல்கத்தாவின் பெங்கால் தியேட்டர் 1873இல் பரத்தையர் குடியிருப்புகளிலிருந்து நால்வரை நடிகையராக அமர்த்தியது. அடுத்த ஆண்டு சிறுமியாக மேடையேறிய பினோதினி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நடித்து விலகினார். அவருடைய 'ஆமார் கொதா' 1912இல் வெளிவந்தது. அவருடைய நடிப்பாசிரியரும் நாடகாசிரியருமான கிரீஷ் சந்திர கோஷ் அதற்கு எழுதிய முன்னுரை உண்மைகள் சிலவற்றை விட்டுவிட்டதாகக் கருதிய பினோதினி அதனால் நிறைவடையவில்லை. அதனை மாற்றி எழுதுமுன் 1912இல் கிரீஷ் மறைந்தார். இத்தகைய நூலுக்குப் பிறிதொருவர் மீண்டும் முன்னுரை எழுதுவது எளிய செயலன்று. பதிப்பாசிரியர் மிகுதியாகப் பேசினால் நடிகையின் குரல் அமிழ்ந்துவிடும். பேசாது விட்டால் அச்சொற்கள் எழுந்த சூழல் பிறமொழி வாசகர்க்குப் புலப்படாது. இங்கு மொழிபெயர்ப்பாளர் வரலாற்றாய்வாளராகவும் இருக்க வேண்டியுள்ளது.

சொல் நிலையில் இது தெளிவாகும். வங்கத்தில் 'கொதா' என்பது சொல், பேச்சு, செய்தி, கதை எனப் பல பொருள் தரும். ஆங்கிலத் தலைப்பு அதனை 'ஸ்டோரி' என்கிறது. பேசும் உரிமை அற்றவளாகக் கருதப்பட்ட ஒருத்தி 'இது என் சொல்' என்று கூறும் தொனி இதில் குறைகிறது. இஃது ஓர் இழப்பே. ஒரே ஆங்கிலச் சொல்லால் இதனை நிரப்பவியலாது என்பதால் குறிப்புரையின் இன்றியமையாமை பெறப்படுகிறது.

தமிழாக்கத்தில் சிக்கல் வேறு வடிவு கொள்கிறது. 'தாசி' என்பது வங்கத்தில் பிராமணரல்லாத சாதிப் பெண்கள் பலருடைய பெயர்களின் பின் வழங்கிய ஒட்டு. உயர்சாதிப் பெண்கள் 'தேவி' எனப்பட்டனர். தமிழிலோ 'தாசி' பரத்தையைச் சுட்டும் சொல்லாகிவிட்டது. எழுத்துப்பெயர்ப்பாகத் தமிழில் வருமிடத்து, சாதியைக் குறித்த ஒட்டு தொழிலைக் குறித்ததாகப் பிழைபட உணரப்படும். வடிவொத்த சொல்லே மிகுதியும் வழுக்கும் இடம் என்பதற்கு இது சான்று.

'பப்ளிக் விமன்' என்னும் தொடர், பொதுவெளிக்கு வந்த பெண்கள், விலைமகளிர் என இரு பொருளையும் ஒருங்கே தாங்குகிறது. 'பொதுமகளிர்' என்றால் தமிழில் பின்னது மட்டுமே நிற்கும். 'பொதுவெளிப் பெண்கள்' என்றால் இழிவு நீங்கும். ஆனால் அவ்விழிவின் வரலாறும் உடன் நீங்கிவிடும்.

இவை அகராதி கொண்டு தீர்ப்பன அல்ல. யார் யாரை எச்சொல்லால், எச்சூழலில் அழைத்தனர் என்னும் அறிவு இவற்றுக்கு வேண்டும். அதுவே அரங்க வரலாறு, அதுவே பெண்ணிய ஆய்வும். மொழிபெயர்ப்பை ஆய்வென ஏற்காத துறை, இளம் ஆய்வாளர்களை மூல ஏடுகளிலிருந்து விலக்கி, பிறர் பெயர்த்தவற்றின்மேல் கட்டுரை எழுதவே பழக்கும். பினோதினியைத் தமிழில் தர முற்படுவோர் 1998 ஆங்கிலப் பதிப்பைத் துணையாகக் கொள்ளலாம்; ஆனால் வங்க மூலத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். அவ்வுழைப்பை ஆய்வேட்டுக்கு நிகராக மதிக்கும் முறையும் நம் துறைகளில் அமைதல் வேண்டும்.