டிக்கெட் இல்லாத இடத்தில் என்ன அவசரம்?

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து டெல்லிக்கு ஆள் சேர்க்கிற டூர் நோட்டீஸ் கையில் கிடைத்தால் படித்துப் பாருங்கள். செங்கோட்டை, குதுப்மினார், தாஜ்மகால் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். காந்தி ஸ்மிருதி, இந்திரா காந்தி நினைவகம் எல்லாம் கடைசியில், பொடி எழுத்தில். கூடவே 'அனுமதி இலவசம்'.

அந்த இரண்டு வார்த்தைதான் வினை!

நான் காமர்ஸ் படித்தவன். இலவசம் என்றாலே பேனாவை எடுத்துக் கணக்குப் போடுகிற ரகம். விருதுநகரில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் பிடித்து, இரண்டு ராத்திரி ரயிலில் தூங்கி, நிஜாமுதீனில் இறங்கி, ரூம் போட்டு, ஆட்டோவில் பேரம் பேசி வாசலில் வந்து நிற்கிறவருக்கு எதுங்க இலவசம்? நுழைவுச் சீட்டு ஒன்றுதான்.

ஆனால், டூர் மேனேஜரின் கணக்கு வேறு. டிக்கெட் வாங்கிய இடத்தில் இரண்டு மணி நேரம். வாங்காத இடத்தில், 'பத்தே நிமிஷம்... சட்டுனு பார்த்துட்டு வந்துருங்க!'

அந்தப் பத்து நிமிஷத்தில் எதையெல்லாம் விடுகிறீர்கள் தெரியுமா? காந்தி ஸ்மிருதி, அந்தக் காலத்து பிர்லா மாளிகை. காந்தி தன் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு. கீழே அவர் தங்கிய அறை. கண்ணாடி, கைத்தடி, ராட்டை... அவ்வளவுதான் சொத்து. அந்த அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை, 1948 ஜனவரி 30 சாயங்காலம் அவர் நடந்த வழியில் சிமென்ட்டில் பாத அச்சுகள் பதித்திருக்கிறார்கள். ஒரு தூண் அருகே அவை சட்டென்று நின்றுபோகும்.

2005-ல் இங்கே ஒரு மல்டிமீடியா கண்காட்சியும் சேர்ந்தது. பட்டன், லைட், சத்தம் என்று பிள்ளைகள் குஷியாகிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால், அத்தனை மின்சாரமும் சேர்ந்து சொல்லாததை அந்தக் கடைசிப் பாத அச்சு சொல்லிவிடும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால்தான் அது காதில் விழும்.

சப்தர்ஜங் ரோட்டில் இந்திரா சுடப்பட்ட பாதையும் அன்று அவர் கட்டியிருந்த சேலையும் இருக்கின்றன. ராஜ்காட் எதிரே உள்ள தேசிய காந்தி மியூசியத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டு. எல்லாமே இலவசம். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பார்க்க வேண்டுமா? ஜன்பத்தில் உள்ள நேஷனல் மியூசியத்தில் டிக்கெட் எடுங்கள். ரத்தக்கறைக்குக் காசில்லை, கலைக்குக் காசு! இது என்ன கணக்கோ?

குறை நம் பேரில் மட்டுமில்லை. இந்த இடங்களில் எழுதி வைத்திருப்பதெல்லாம் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான். நம்ம ஊர் அப்பத்தா எதைப் படிப்பார்? மதுரையில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி மியூசியமும் இலவசம்தான். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. தமிழில் படித்து, நின்று, கண் கலங்கி வருகிறவர்கள் உண்டு. தேசத்துக்கே பொதுவான டெல்லியில், ஒவ்வொரு மாநில மொழியிலும் ஆளுக்கொரு தாள் அச்சடித்துக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தபோதே இலவசம்தான். ஆனால், உள்ளே போக எழுத்துபூர்வமாக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். எழுதத் தெரியாதவனுக்கு அது என்ன இலவசம்? கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே போனவனுக்குப் புரிவது வேறு.

இன்னொரு விஷயம். நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி மாளிகையை முன்பெல்லாம் சும்மாவே பார்த்துவிட்டு வரலாம். 2022 ஏப்ரலில் அங்கே பிரதமர்கள் அருங்காட்சியகம் திறந்தார்கள். இப்போது டிக்கெட்! பெரிதாக்கினார்கள், செலவு இருக்கும், சரி. ஆனால், பத்து நிமிஷத்தில் ஓடி வருகிற இடத்துக்கெல்லாம் நாளைக்கே டிக்கெட் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? 'இது எங்களுடையது' என்று உட்கார்ந்து பழகியவன்தானே கேட்பான்!

தாணிப்பாறையிலிருந்து மூச்சு வாங்கச் சதுரகிரி ஏறுகிறவர், மகாலிங்கத்தைப் பார்த்ததும் 'ஆச்சு, அடுத்தது?' என்று திரும்புகிறாரா? உட்காருகிறார். காற்று வாங்குகிறார். மனசு நிறைந்த பிறகுதான் இறங்குகிறார். அந்தப் பழக்கத்தை டெல்லிக்கும் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு இலவச இடம். குறைந்தது ஒரு மணி நேரம். வேன் காத்திருக்கட்டும். முக்கியமாக, திங்கட்கிழமை போகாதீர்கள். நான் சொன்ன மூன்று இலவச இடங்களுக்கும் அன்று லீவு!