அப்பாவின் பெட்டி

கைவினைத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்க மறுத்ததிலிருந்து பழைய வாதம் ஒன்றுக்குப் புதுச் சட்டை மாட்டுகிறார்கள். தொழிலின் அருமை பிள்ளைக்கு வீட்டில்தான் புரியும். அப்பா உளி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு உழைப்பின் மேல் மரியாதை தானாக வரும். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற முதல்வர் ராஜாஜியின் 1953ஆம் ஆண்டுத் திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டித் துரத்தியதே தவறு. இப்படிப் போகிறது அந்த வாதம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. சுவாமிமலைச் சிற்பக் கூடத்தில் சிறுவயதிலேயே மெழுகு பிடித்துப் பழகிய கைக்கும், இருபது வயதில் வகுப்பில் சேர்ந்த கைக்கும் வித்தியாசம் தெரியும். விஸ்வகர்மா தரும் 15,000 ரூபாய் வரையிலான கருவி உதவியும் 5 சதவீத வட்டிக் கடனும், கந்துவட்டியில் சிக்கிய தச்சருக்குச் சின்ன விஷயம் அல்ல. ராஜாஜிக்கும் நெருக்கடி இருந்தது. பிள்ளைகள் அதிகம், கட்டடமும் வாத்தியாரும் குறைவு. பள்ளியை 3 மணி நேரமாகச் சுருக்கினால் அதே கூரையின் கீழ் இன்னொரு கூட்டத்தை உட்காரவைக்கலாம்.

ஆனால் கைவேலையைக் கற்பதற்கு முன்பே, அந்த வேலைக்கு ஊர் என்ன விலை வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளை கற்றுவிடுகிறது. வாதக்காரர்கள் இதை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பழைய கிராமத்து நாவிதர் குடும்பத்தைப் பாருங்கள். அப்பா முகம் மழித்தார்; அம்மா பிரசவம் பார்த்தார். நள்ளிரவில் வலி கண்டால் பெரிய வீட்டு ஆள் அரிக்கேன் விளக்கோடு வந்து வாசலில் நிற்பான். விடியும்வரை அந்த மருத்துவச்சியின் கையில்தான் இரண்டு உயிர். மறுநாள் அதே வீட்டுக் கொல்லையில் அப்பா குந்தி உட்கார்ந்து சவரம் செய்வார். அந்த வீட்டுப் பத்து வயதுப் பையன் அவரை ‘வாடா’ என்பான். கூலி, அறுவடைக் களத்தில் அளந்துபோடும் நெல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போன மகன் அன்று கத்தி தீட்டக் கற்றானோ இல்லையோ, பதில் பேசாமல் நிற்கக் கற்றிருப்பான். அம்மாவின் வேலை வேறு, அப்பாவின் வேலை வேறு, ஊர் தந்த இடம் ஒன்றுதான் என்பதையும் கற்றிருப்பான். அந்திசாய்ந்ததும் சட்டியோடு ஊர்ச்சோறு எடுக்கப் போன சலவைக்காரர் மகளுக்கும் இதே பாடம்தான்.

நெசவையும் பாருங்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ளத் துணையாள் வேண்டும். நெடுங்காலம் பல தறிகளில் அது பிள்ளையின் கை. சொந்தத் தறியில் உட்கார்ந்த பிள்ளை உண்டு. அப்பா வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த பிள்ளையும் உண்டு. பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் ஆய்வாளருக்கு இரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

சரி, வீட்டுத் தொழில் அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்றால் அது எல்லோருக்கும் வேண்டாமா? 1953ஆம் ஆண்டுத் திட்டம் கிராமப் பள்ளிகளுக்கு வந்தது. பட்டணத்து வக்கீல் மகன் மதியத்துக்கு மேல் அப்பாவோடு கோர்ட்டில் போய் உட்காரட்டும் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் மகள் டாக்டராவதும் குடும்பத் தொழில்தான். அங்கே நடுவில் ஒரு கல்லூரி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வேறு பக்கம் திரும்ப வழியும் இருக்கிறது. 1954இல் காமராஜர் திட்டத்தைக் கைவிட்ட பிறகுதான் கிராமத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி திரும்பக் கிடைத்தது.

விஸ்வகர்மா பட்டியலின் 18 தொழில்களில் சவரமும் சலவையும் செருப்புத் தைப்பதும் இருக்கின்றன. அது குடும்பத் தொழிலாக இருந்து, 18 வயது நிரம்பினால் போதும். தமிழ்நாடு தன் கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கியது. 18 என்பது பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு கல்லூரி வாசலில் நிற்கிற வயது. அந்த நேரம் பார்த்து, அப்பாவின் பெட்டிக்குக் கடன் தருகிறோம் என்று ஒரு விண்ணப்பம் நீட்டப்படுகிறது. கிராமத்தில் அதை முதலில் சரிபார்ப்பது ஊராட்சி. அங்கே தலைவர் நாற்காலியில் இருப்பவர், அன்று கொல்லையில் நின்று ‘வாடா’ என்றழைத்த அந்தப் பையனாகவே இருக்கலாம்.