கியரில் கிளம்பாத வண்டி

நியூட்ரலில் பட்டனைத் தொட்டதும் சீறும் மோட்டார் சைக்கிள், கியரில் கிளட்சைப் பிடித்து அழுத்தினால் மட்டும் கிளம்ப மறுக்கும். இந்தப் புகாரோடு வரும் வண்டியில் கைதேர்ந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவதில்லை. கார்புரேட்டர் பக்கமே போவதில்லை. நியூட்ரலில் ஓடுகிறது என்ற ஒரே தகவலில் பேட்டரி, பெட்ரோல், பொறி மூன்றும் விடுதலையாகிவிடுகின்றன. ஸ்பேனரை எடுக்குமுன்பே பாதி வேலை முடிந்துவிடும் இந்தக் கழித்தலில்தான் தொழிலின் ருசி இருக்கிறது.

முதலில் ஒரு விதிவிலக்கு. பழைய புல்லட் கியரில் கிக்கருக்கு மசியாது; அது பழுதல்ல. அதில் உதையின் விசை கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினைச் சேர்கிறது. கிளட்சைப் பிடித்தால் அந்த வழி அறுந்துபோகும். விட்டால் பின்சக்கரமும் கூடவே இழுபடும். அதனால்தான் குதிகாலால் மிதித்ததும் நியூட்ரலுக்குத் திரும்ப ஒரு தனி லிவரை வைத்தார்கள். முதல் கியரிலிருந்து மட்டும் அது உதவாது. யமஹா ஆர்எக்ஸ் 100-இல் விசை நேரே கிளட்சின் வெளிக்கூட்டுக்குப் போவதால், கிளட்சைப் பிடித்தபடி கியரிலேயே உதைத்துக் கிளப்பலாம்.

செல்ஃப் வண்டியில் காதுதான் முதல் கருவி. பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லையென்றால் முதல் சந்தேகம் கிளட்ச் சுவிட்சின் மேல். பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு எர்த் கிடைக்க இரண்டு வழிகள்: ஒன்று கியர்பாக்ஸில் உள்ள நியூட்ரல் சுவிட்ச், மற்றொன்று கிளட்ச் சுவிட்சும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு சிறு டயோடு, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் காவலாளி. அது இல்லையென்றால், கியரில் கிளட்சைப் பிடித்தாலே நியூட்ரல் விளக்கு பொய்யாக எரியும். அப்படி எரிகிற வண்டியில் டயோடு போய்விட்டது என்று மீட்டர் இல்லாமலே சொல்லலாம். இத்தனை சிக்கனமான சுற்றைப் பார்த்தால் வடிவமைத்தவரைப் பாராட்டத் தோன்றும்.

கிளட்ச் சுவிட்ச் லிவரின் அடியில், இரண்டு ஒயர்களோடு ஒளிந்திருக்கும். லிவரை மெல்ல இழுத்தால் பலவற்றில் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கும். கேட்காவிட்டால் தூசியோ தேய்மானமோ இருக்கலாம். இரண்டு ஒயர்களையும் ஒரு கணம் இணைத்துப் பார்த்தால் போதும். செல்ஃப் எடுத்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

அப்படி இணைத்தும் செல்ஃப் எடுக்கவில்லை, அல்லது நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது கியர் போட்டதும் அணைகிறது என்றால் சைடு ஸ்டாண்டு சுவிட்சைப் பார்க்க வேண்டும். தரையை ஒட்டி இருப்பதால் சேறும் மழைநீரும் முதலில் பதம் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாவது வகையில், பட்டனைத் தொட்டதும் வண்டி முன்னே துள்ளும். இதில் ஒயருக்கு வேலையில்லை. நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கலாம்; கேபிள் தளர்ந்தும் இருக்கலாம். லிவரின் நுனியில் எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டா கையேடுகள் பலவும் 10 முதல் 20 மி.மீ. என்கின்றன.

சோதனைக்காக இணைத்த ஒயரை அப்படியே டேப் சுற்றி அனுப்பிவிடுவது பட்டறைகளில் பழகிப்போன குறுக்குவழி. அது ரிப்பேர் அல்ல. சாவி போட்டு, சைடு ஸ்டாண்டை மடக்கி அந்த வண்டி கியரில் நிற்கும்போது ஒரு குழந்தை பட்டனைத் தொட்டாலும் பாயும். புது சுவிட்சைக் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.