அடிக்காமல் விட்ட அருதி

‘சர்வம் தாளமயம்’ 2019இல் திரைக்கு வந்தது முதல், மிருதங்கம் என்றால் பந்தயம் என்றே பலர் நினைக்கிறார்கள். தோல் சீவி, வார் இழுத்து மிருதங்கம் கட்டுகிறவரின் மகனுக்கு மேடை ஏன் எட்டாமல் போனது என்று அதன் இயக்குநர் ராஜீவ் மேனன் கேட்ட கேள்வி நியாயமானது. சபாக்கள் இன்னும் அதற்கு வாய் திறக்கவில்லை. எனக்கு உறுத்துவது கடைசிக் கட்டம். தொலைக்காட்சி அரங்கம், நடுவர்கள், விரல்களைத் துரத்தும் கேமரா. வித்தை என்றால் வேகம் என்று படம் தீர்ப்பு எழுதிவிட்டது. ரசிகர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

தொப்பியில் ரவை ஒட்டிப் பிழைக்கிறவன் நான். சொல்ல உரிமை உண்டு. தனி ஆவர்த்தனத்தில் எதிராளி கிடையாது. வீட்டில் கணக்குப் போட்டு வந்ததை ஒப்பித்து, மோரா வைத்து, கோர்வையைச் சரியாக இறக்கினால் கைதட்டல் உறுதி. பாட்டுக்கு வாசிப்பதுதான் ஆட்டம்.

டிசம்பர் சீசனின் மதியக் கச்சேரிகளில் மிருதங்கம் வாசிக்கும் ஓர் இளைஞரைத் தொடர்ந்து கவனிக்கிறேன். பெயர் வேண்டாம், கண் பட்டுவிடும். விளம்ப காலத்தில் ஒரு மிஸ்ர சாபு கிருதி. பாடகி சரணத்தின் கடைசிச் சொல்லை இழைத்து இழைத்து, பல்லவி எடுப்பை நோக்கி வருகிறார். வேறு யாராவது என்றால் அங்கே ஒரு குட்டித் தீர்மானத்தைச் செருகி, பாட்டை நெட்டித் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியிருப்பார்கள். இவர் வலந்தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். தொப்பியில் ஒரே ஒரு கும்கி. அருதி விழவேண்டிய இடம் காலியாகப் போனது. தாளம் போட்டுக்கொண்டிருந்த ரசிகர்களின் கைகள் அங்கே ஒன்றாக விழுந்தன.

“கை தவறிடுத்து போல” என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர். தவறவில்லை, ஸார். அடுத்த முறை அதே இடத்தில் மீட்டு கணீரென்று விழுந்ததே! முதலில் விட்டது வேண்டுமென்றே.

இப்படி விடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். பாடகி இம்மி விலகினாலும் அந்தக் காலி இடம் அம்பலப்படுத்திவிடும், பழி மிருதங்கத்தின் தலையில் விழும். அவருடைய காலப்பிரமாணத்தை முழுக்க நம்பினால் மட்டுமே கை எடுக்க முடியும். கச்சேரிக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் அதுவும் ஒரு ஜாலம் ஆகிவிடும் என்று தெரிந்தவர்.

என் கணிப்பு: மூன்று சீசனுக்குள் மூத்த பாடகர்கள் மாலைக் கச்சேரிகளுக்கு இவரைக் கேட்டு வாங்குவார்கள். தனிக்குக் கிடைக்கும் கைதட்டலில் மட்டும் வேகக்காரர்களே முந்துவார்கள். அடுத்த மிருதங்கப் படத்திலும் உச்சக்கட்டம் தனிதான். கடத்தோடும் கஞ்சிராவோடும் குறைப்பில் மல்லுக்கட்டுவார் நாயகன். பாட்டுக்கு வாசிப்பதை உச்சக்கட்டமாக வைக்க ஓர் இயக்குநர் துணிவதற்குப் பத்து வருஷமாவது ஆகும்.

அதற்குள் இவரை ஃப்யூஷன் குழு ஏதாவது கொத்திக்கொண்டு போகும். போவார். ஒரே வருஷத்தில் திரும்பியும் வருவார்.