பயிற்சி அறையிலிருந்து தொடங்குங்கள்

கே-பாப் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பவரிடம் எல்லோரும் உடனே நீட்டும் பாட்டுகள் மூன்று. சையின் ‘கங்னம் ஸ்டைல்’, பி.டி.எஸ். குழுவின் ‘டைனமைட்’, இப்போது ‘கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்’ படத்தின் ‘கோல்டன்’. சாதனைக் கணக்கில் மூன்றையும் குறை சொல்ல முடியாது. முதலாவது, 2012 டிசம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தொட்ட முதல் காணொளி. மற்ற இரண்டும் 2020, 2025 ஆண்டுகளில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தவை. இருந்தாலும் புதியவருக்கு நான் தரும் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. ‘கங்னம் ஸ்டைல்’ தனி ஆளின் நையாண்டி. ‘டைனமைட்’ முழுக்க ஆங்கிலப் பாட்டு. ‘கோல்டன்’ பாட்டுக்குத் திரையில் வாயசைப்பவை அனிமேஷன் பாத்திரங்கள். தென்கொரியக் குழுக்கள் எதில் கெட்டிக்காரர்களோ, அந்தக் கூட்டாட்டம் இவற்றில் முழுதாகப் பிடிபடாது.

கே-பாப் பாட்டின் தலையெழுத்து ஒலிப்பதிவுக் கூடத்தோடு முடிவதில்லை. வியாழக்கிழமை ‘எம் கவுன்ட்டவுன்’, வெள்ளி ‘மியூசிக் பேங்க்’, சனி ‘மியூசிக் கோர்’, ஞாயிறு ‘இன்கிகாயோ’ என்று வாரக் கடைசி முழுக்கத் தொலைக்காட்சி மேடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. புதுப் பாட்டு வெளியிட்ட குழு இந்த மேடைகளில் அதே பாட்டை, அதே அசைவுகளோடு, வெவ்வேறு உடையில் ஆடிக் காட்டுகிறது. இணையத்தில் எத்தனை பேர் கேட்டார்கள், ஆல்பம் எவ்வளவு விற்றது, ரசிகர் வாக்கு என்ன என்றெல்லாம் கூட்டிப் புள்ளிகள் போட்டு, வாரம் ஒரு வெற்றியாளருக்குக் கோப்பையும் தருகிறார்கள். ஆகவே இதை விளையாட்டுப் பக்கத்தில் அலசுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பார்க்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகாரபூர்வ வீடியோவைத் தள்ளிவையுங்கள். அதில் கண் ஓர் இடத்தில் நிலைக்கும் முன்பே காட்சி வெட்டப்பட்டுவிடும். பெரும்பாலான குழுக்கள் தங்கள் பயிற்சி அறைக் காணொளியையும் வெளியிடுகின்றன. ஒரு கேமரா, அசையாமல் ஓரிடத்தில். தொளதொளச் சட்டை, மரத் தரை, தரையில் தேயும் ஷூ சத்தம். அதைப் பாருங்கள். ஒருவருக்குப் பாட வரும் நேரம் பெரும்பாலும் சில நொடிகள்தான். கபடியில் ரெய்டுக்குப் போகிறவர் மாதிரி அவர் நடுவிலிருந்து முன்னே வருகிறார், வேலையை முடித்துக்கொண்டு விலகுகிறார். அவர் விலகும்போதே அடுத்தவர் கிளம்பிவிட்டிருப்பார். பாடுபவரைப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் அந்த நொடிகளில் எப்படி இடம் மாறுகிறார்கள் என்று பாருங்கள். குழுவின் தரம் அங்கேதான் தெரியும்.

அந்தக் கண்ணைப் பழக்க எக்ஸோவின் ‘க்ரௌல்’ (2013) போல இன்னொரு பாட்டு எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேர், பள்ளிச் சீருடை, கிடங்கு போன்ற ஓர் இடம். அதிகாரபூர்வ வீடியோவைத் தள்ளிவைக்கச் சொன்னேனே, அதற்கு ஒரே விலக்கு இதுதான். முழுப் பாட்டும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது. கேமரா ஆடுபவர்களுக்கு நடுவே புகுந்து நகர்கிறது. பாடி முடித்தவர் சட்டகத்தின் ஓரமாக நழுவ, அடுத்தவர் வேறு பக்கத்திலிருந்து நுழைகிறார். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் முழுதையும் மறுபடி எடுக்க வேண்டும். இசையில் ஆர்ப்பாட்டம் கிடையாது. நடுத்தர வேகத்தில் தோளைத் தட்டுவது போன்ற ஆர் அண்ட் பி தாளம். குரலை உச்சிக்கு ஏற்றிக் கைதட்டல் வாங்கும் வேலையும் இல்லை. அடக்கி வாசித்த பாட்டு அந்த ஆண்டின் பெரிய வெற்றியானது. அது இடம்பெற்ற ‘எக்ஸ்ஓஎக்ஸ்ஓ’ ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தென்கொரியாவில் பல ஆண்டுகளாக யாரும் எட்டாத எண்ணிக்கை அது.

பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று புரிந்துகொள்ள ஷைனியின் ‘ஷெர்லாக்’ (2012). இது உண்மையில் இரண்டு பாட்டு. ‘க்ளூ’ ஒன்று, ‘நோட்’ ஒன்று. இரண்டையும் பின்னி ஒன்றாக்கியதுதான் ‘ஷெர்லாக்’. மூன்றும் அதே மினி ஆல்பத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலில் ‘க்ளூ’வையும் ‘நோட்’டையும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டுமே பாதியில் நிற்பது போலத் தோன்றும். பிறகு ‘ஷெர்லாக்’கைப் போடுங்கள். ஒன்றின் இறுக்கத்தை இன்னொன்று வந்து அவிழ்ப்பது காதுக்கே தெரியும். பல்லவி, சரணம், இடையிசை என்று பழகிய காதுக்குக் கே-பாப் முதலில் ஒட்டுப்போட்டது போலத்தான் கேட்கும். ஒரு பகுதியின் தாளத்துக்கும் அடுத்த பகுதியின் தாளத்துக்கும் உறவே இல்லாததுபோல் இருக்கும். அந்த ஒட்டு வேண்டுமென்றே போடப்படுவது, அதில் ஒரு கைத்திறன் இருக்கிறது என்பதை இந்த மூன்று பாட்டும் பத்தே நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடும். டோனி டெஸ்டா அமைத்த நடனத்தில் ஐந்து பேரும் மேடையில் ஒரு துப்பறியும் காட்சியையே நடத்திக்காட்டுகிறார்கள். ஐவரில் ஒருவரான ஜோங்ஹ்யுன் 2017 டிசம்பரில் மறைந்தார். அவர் வரிகள் எழுதிய ‘வியூ’ (2015) பாட்டையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். அது இதற்கு நேர் எதிர். மிதந்து போகும் ஹவுஸ் இசை.

அடுத்தது, தோற்ற ஆட்டத்தைத் திருப்பிய பாட்டுகள். எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஜிஃப்ரெண்ட் குழுவின் ‘மீ குஸ்தாஸ் து’ 2015 ஜூலையில் வந்தது. கத்தி வெட்டியது போன்ற ஒத்திசைவுக்குப் பேர்போன ஆறு பெண்கள். அந்த செப்டம்பரில் இன்ஜே என்ற ஊரில் ஒரு வெளியரங்க நிகழ்ச்சி. மழையில் நனைந்த மேடை வழுக்குகிறது. அறுவரில் ஒருவரான யூஜு வழுக்கி விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். ஒரே பாட்டுக்குள் பல முறை. ஒவ்வொரு முறையும் எழுந்து தன் இடத்துக்கே வந்து சேர்கிறார். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களும் வரிசையைக் கலைக்கவில்லை. ரசிகர் ஒருவர் எடுத்த அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது, பாட்டு தரவரிசையில் மறுபடி ஏறியது. அந்த உறுதியை எல்லோரும் மெச்சினார்கள். சரிதான். ஆனால் அத்தனை முறை விழுந்தும் நிகழ்ச்சியை நிறுத்தி மேடையைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதும் அதே காணொளியில் பதிவாகியிருக்கிறது. இந்தத் துறை இளம் உடல்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதை மறந்துவிட்டு ரசிக்க என்னால் முடிவதில்லை.

இ.எக்ஸ்.ஐ.டி. குழுவின் ‘அப் அண்ட் டவுன்’ கதையும் ரசிகர் கேமராவில் திரும்பியதுதான். சாக்ஸபோன் துண்டு ஒன்று காதில் ஒட்டிக்கொள்ளும் பாட்டு. 2014 ஆகஸ்டில் வந்தது, கவனிப்பாரில்லாமல் போனது. அக்டோபரில் பாஜு நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், குழுவில் ஹானியை மட்டும் பின்தொடர்ந்து ஒரு ரசிகர் படமெடுத்தார். அது பரவப் பரவப் பாட்டு மேலே வந்தது. 2015 ஜனவரியில் தொலைக்காட்சி மேடையில் கோப்பை. ஒரே ஆளைத் தொடர்ந்து எடுக்கும் இந்த வகைக் காணொளியை இப்போது தொலைக்காட்சி நிலையங்களே எடுத்து வெளியிடுகின்றன.

பிரேவ் கேர்ள்ஸ் குழுவின் ‘ரோலின்’ காத்திருந்தது நான்கு ஆண்டுகள். 2017 மார்ச்சில் வந்து அடங்கிப்போன பாட்டு. குழுவோ பெரிய மேடை கிடைக்காமல் ராணுவ முகாம்களில் ஆடிக்கொண்டிருந்தது. வடகொரிய எல்லைக்கு அருகில் இருக்கும் பெங்னியோங் தீவு வரை போய் ஆடியது. சிப்பாய்களுக்கு இந்தப் பாட்டு மனப்பாடம். 2021 பிப்ரவரியில், குழுவைக் கலைத்துவிடலாம் என்று உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், முகாம் நிகழ்ச்சிகளையும் சிப்பாய்களின் குறும்புக் கருத்துகளையும் தொகுத்து யாரோ யூடியூபில் போட்டார்கள். மூன்றே வாரத்தில் ‘இன்கிகாயோ’வில் முதலிடம். சட்டையின் ஓரத்தைப் பிடித்து இரு பக்கமும் அலையாக அசைக்கும் ஓர் அசைவு அதில் உண்டு. கொரியர்கள் அதற்குத் திருக்கை மீன் நடனம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த முகாம் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். சிப்பாய்களின் ஆரவாரம் இல்லாத ஒலிப்பதிவு சப்பென்று இருக்கும்.

இவ்வளவு ஆடிக்கொண்டே நிஜமாகப் பாடுகிறார்களா என்ற கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. பெரும்பாலான மேடைகளில் முன்பே பதிவுசெய்த குரல் பின்னணியில் துணைக்கு ஓடும். சில மேடைகளில் துணை எது, நிஜம் எது என்றே பிரிக்க முடியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வாரக் கோப்பையை வென்ற குழு நிகழ்ச்சி முடியும்போது அதே பாட்டை இன்னொரு முறை பாடும். கையில் கோப்பை, கண்ணில் நீர், ஆட்டம் பாதிதான். குரல் பச்சையாக வெளியே வருவது அப்போதுதான். கொரிய ரசிகர்கள் இந்த மறுபாடலை ஈவிரக்கமில்லாமல் அலசுவார்கள். இதில் சறுக்கிப் பேர் கெட்ட குழுக்கள் உண்டு.

குரலையே களமாக வைத்து ஆடியவர் பாடகி ஐயூ. ‘குட் டே’ வந்த 2010 டிசம்பரில் அவருக்கு வயது 17. கிம் ஈனா எழுதி, லீ மின்சூ இசையமைத்த பாட்டு. வாத்தியக் கூட்டத்தோடு துள்ளிக்கொண்டு போய், முடியும் தறுவாயில் ஒரே சொல்லை மூச்சு விடாமல் பிடித்து மூன்று படியாக மேலே ஏற்றுவார். கொரியாவில் யாரிடம் கேட்டாலும் ‘மூன்று படி உச்சஸ்வரம்’ என்று இதைச் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, சியோலின் ஜாம்சில் ஒலிம்பிக் அரங்கில் நடந்த கச்சேரியில், தன் வழக்கமான பாடல் பட்டியலிலிருந்து இதற்கு ஓய்வு தருவதாக அவரே அறிவித்தார். இதை மட்டும் ஹெட்போனில் கேட்டே தொடங்கலாம்.

செவன்டீன் குழுவைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் பதின்மூன்று பேர் என்ற எண்ணிக்கையிலேயே மலைத்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ராப் ஓர் அணி, குரல் ஓர் அணி, நடனம் ஓர் அணி என்று குழுவுக்குள்ளேயே மூன்று பிரிவு. பாட்டுகளில் பெரும்பங்கு உறுப்பினர் வூஜி கையால் உருவாகிறது. நடன அமைப்பில் ஹோஷியின் பங்கு பெரிது. ‘ஆஜூ நைஸ்’ (2016) கேளுங்கள். பித்தளை வாத்தியங்கள் முழங்க ஓடுகிற பாட்டு. கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இதன் பல்லவி மறுபடி கிளம்பும். முடியும், மறுபடி கிளம்பும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிய பிறகு இப்படி எத்தனை சுற்று என்று அவர்களுக்கே கணக்கிருக்காது. உடல் தகுதி என்ன என்று காட்ட இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்றால் ‘ஜீ’யைத்தான் பரிந்துரைப்பார்கள். 2009இல் ‘மியூசிக் பேங்க்’கில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு, கேட்டால் காலையில் எழும்போதும் மண்டைக்குள் ஓடும். என் ஓட்டு அவர்களின் முதல் பாட்டான ‘இன்டு தி நியூ வேர்ல்டு’க்கு (2007). 2016 கோடையில் சியோலின் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் நிர்வாகத்தை எதிர்த்து உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். போலீஸ் சூழ்ந்து நின்றபோது, கை கோத்து உட்கார்ந்திருந்த அவர்கள் பாடியது இந்தப் பாட்டைத்தான். 2024 டிசம்பரில் ராணுவச் சட்ட அறிவிப்பைக் கண்டித்து நாடாளுமன்றம் முன் கூடிய கூட்டத்திலும் இதே பாட்டு. மெழுகுவர்த்திக்குப் பதில் கையில் ரசிகர்களின் விளக்குக் கோல்கள். காலை உயர வீசி ஆடும் ஒரு சிறுமிகள் குழுவின் அறிமுகப் பாட்டு இந்த இடத்துக்கு வந்து சேரும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பி.டி.எஸ்.ஸை விட்டுவிட்டு இந்தப் பட்டியலை முடித்தால் ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ‘ஸ்பிரிங் டே’ (2017) கேளுங்கள். பிரிந்து போன நண்பனை நினைக்கும் பாட்டு. ஏழு பேரில் மூவர் ராப், நால்வர் குரல் என்ற அவர்களுடைய பங்கீடு இதில் உறுத்தாமல் கலந்திருக்கிறது. தென்கொரியாவின் மெலன் இணைய இசைத் தரவரிசையில் ஆண்டுக்கணக்காக இறங்காமல் நின்ற பாட்டு.

கடைசியாக நியூஜீன்ஸ் குழுவின் ‘டிட்டோ’ (2022). மேலே சொன்ன பல பாட்டுகளும் மேடையை நிரப்பப் பார்ப்பவை; இது இடம் விட்டு நிற்கிறது. பால்டிமோர் கிளப் என்ற அமெரிக்க நடன இசையின் படபடக்கும் தாளத்தை 250 என்ற பெயரில் இயங்கும் தயாரிப்பாளர் எடுத்து, அதன்மேல் ஐந்து பெண்களின் முணுமுணுப்பு போன்ற குரலை வைத்திருக்கிறார். தாளம் ஓடுகிறது, குரல் நடக்கிறது. அசைவுகளிலும் அந்தத் தளர்ச்சி உண்டு. ஐவரும் ஒரே அச்சாக இல்லாமல் ஆளுக்கு ஒரு சாயலில் ஆடுவதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஜிஃப்ரெண்டின் காணொளிக்கு அடுத்து இதைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். ‘டிட்டோ’ பக்கம் என்றால் அடுத்து எஃப் எக்ஸ் குழுவின் ‘4 வால்ஸ்’ (2015). இத்தனை மென்மை நமக்குச் சரிப்படாது, தட்டு உடைகிற சத்தம் வேண்டும் என்றால் ஸ்ட்ரே கிட்ஸின் ‘காட்ஸ் மெனு’ (2020). ஆனால் அதை முதல் பாட்டாகப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் சத்தத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.